கும்பாபிஷேகத்துக்கு போட்டோகிராபர் வைக்கப் போறீங்களா? இதைப் படிச்சிட்டு வைங்க



நம்ம அம்மன் கோயில் மகா கும்பாபிஷேகம் முடிஞ்சு, 48 நாள் மண்டலாபிஷேகமும் நல்லபடியா நிறைவு ஆயிடுச்சு. ஆல்பம் இப்போ கோயில் ஆபிஸ்ல இருக்குது. வந்து பார்த்தவங்க எல்லாரும் கேட்கிறது ரெண்டு கேள்விதான். "யாரு படம் பிடிச்சா? எவ்வளவு வாங்கினாங்க?" நிபோங் திபால், சுங்கை பாக்காப், கூலிம் பக்கத்துக் கோயில்காரங்களும் கேட்டிருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் புலனத்துல தனித்தனியா பதில் எழுதி முடியல. அதனால மொத்தமா இங்க எழுதுறோம். பதிவு கொஞ்சம் நீளம். கும்பாபிஷேகம் வைக்கப் போற கோயில் பொறுப்பாளர்கள், வீட்டுல கல்யாணம், காதுகுத்து வைக்கப் போறவங்க பொறுமையா படிங்க.

நாங்க போட்டோ தொழில் படிச்சவங்க இல்ல. பிறை தொழிற்பேட்டையில சூப்பர்வைசர் வேலை. படிப்பு எஸ்.பி.எம். வரைக்கும். ஆனா வெளியாளைக் கூப்பிட்டு ஒரு வேலையைக் கொடுத்து, அதைச் சரியா வாங்குறது எப்படின்னு பேக்டரி கத்துக் கொடுத்திருக்கு. கும்பாபிஷேகத்துல போட்டோ, வீடியோ பொறுப்பு நம்ம தொண்டர் குழுவுக்கு வந்தப்போ அதையேதான் இங்கேயும் செஞ்சோம்.

ஏன் இவ்வளவு கவலைப்பட்டோம்?

கும்பாபிஷேகம் 12 வருஷத்துக்கு ஒரு தடவை. கல்யாணத்துல ஒரு படம் விட்டுப்போனா, மாப்பிள்ளையையும் பொண்ணையும் நிக்க வெச்சு "மாலையை இன்னொரு தடவை போடுங்க"ன்னு சொல்லி எடுத்துடலாம். விமானக் கலசத்துல புனித நீர் ஊத்துறதை இன்னொரு தடவை செய்யச் சொல்ல முடியுமா? சிவாச்சாரியார் கடத்தைத் தலையில வெச்சு யாகசாலையை விட்டுக் கிளம்பிட்டா, அந்த நிமிஷம் போனது போனதுதான். அடுத்த தடவை வரும்போது நம்மில் எத்தனை பேர் இருப்போம்னு அம்மனுக்குத்தான் தெரியும்.

நம்ம கோயில்ல இதுக்கு ஒரு கதையே இருக்கு. பழைய ஆளுங்களுக்குத் தெரியும். 12 வருஷத்துக்கு முன்னாடி நடந்த கும்பாபிஷேகத்துக்கு ஒருத்தர் படம் பிடிச்சார். அன்னைக்கு நல்லாத்தான் ஓடி ஓடிப் பிடிச்சார். காசும் வாங்கிட்டார். "ஆல்பம் ரெடியாகுது"ன்னு ஆறு மாசம் சொன்னார். அப்புறம் "ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போச்சு"ன்னு ஒரு வார்த்தை. அதோட போன் எடுக்கிறதை நிறுத்திட்டார். கோயில்ல மிஞ்சினது நம்ம பசங்க கைப்பேசியில பிடிச்ச ஏழெட்டு மங்கலான படங்கள்தான்.

அந்த கும்பாபிஷேகத்துல ஒரு கலசம் ஒரு பாட்டியோட உபயம். தோட்டத்துல பால்மரம் சீவினவங்க. மைலோ டின்னுல காசு சேர்த்து வெச்சுக் கொண்டாந்து கொடுத்தாங்க. தண்ணி ஊத்தும்போது கோபுரத்துக்கு நேரா கீழே நின்னு ரெண்டு கையையும் தூக்கி அழுதாங்க. அந்தப் போட்டோகிராபர் அவங்க முன்னாடி மண்டி போட்டு உக்காந்து படம் பிடிச்சதை நாங்க கண்ணால பார்த்தோம். அதுக்கப்புறம் பாட்டி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து கேட்பாங்க, "தம்பி, என் படம் வந்துருச்சா?" மூணு வருஷம் கேட்டாங்க. அப்புறம் போய்ச் சேர்ந்துட்டாங்க. சாவு வீட்டுல வைக்க நல்ல படம் ஒண்ணுகூட இல்லாம, ஐ.சி.யில இருந்த படத்தைப் பெருசாக்கி மாலை போட்டாங்க.

அதனாலதான் இந்தத் தடவை இதைச் சின்ன வேலைன்னு நாங்க விடல. நாங்க பார்த்ததை வரிசையா சொல்றோம்.

1. பத்து நல்ல படத்தைப் பார்த்து ஏமாறாதீங்க

எந்தப் போட்டோகிராபர் முகநூல் பக்கத்துல பார்த்தாலும் படம் அழகாத்தான் இருக்கும். ஆயிரம் படத்துல பத்து நல்லா வர்றது பெரிய விஷயமில்ல. நாங்க கேட்டது, ஏதாவது ஒரு கோயில் நிகழ்ச்சியோட முழு ஆல்பம். காலையில கணபதி ஹோமத்துல ஆரம்பிச்சு அன்னதானம் வரைக்கும். அதை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் பார்த்தா ஆளோட வேலை தெரிஞ்சிடும்.

முக்கியமா மூணு இடத்தைப் பாருங்க. ஒண்ணு, அர்த்தமண்டபத்து இருட்டு. நம்ம கோயில்கள்ல உள்ள விளக்கு வெளிச்சம் மட்டும்தான். பிளாஷ் அடிக்கக் கூடாது. குறைஞ்ச வெளிச்சத்துல பிடிக்கிற லென்ஸ் வேணும், எஃப் 2.8, எஃப் 1.8ன்னு சொல்வாங்க. அது இல்லன்னா படம் ஆடிப்போய் இருக்கும், இல்ல புள்ளி புள்ளியா இருக்கும். ரெண்டாவது, ஹோமப் புகை. புகைக்குள்ள முகம் தெரியற மாதிரி பிடிச்சிருக்காரான்னு பாருங்க. மூணாவது, உச்சி வெயில். வெள்ளை வேட்டியும் கருத்த முகமும் ஒரே படத்துல வரும்போது, வேட்டி வெளுத்துப் போகாம முகமும் இருட்டாகாம இருக்கணும்.

எங்களுக்கு மூணு பேர் கோட்டேஷன் கொடுத்தாங்க. அதுல ஒருத்தர் கல்யாணத்துல பேர் போனவர். கோயில் ஆல்பம் கேட்டதும், "அண்ணே, எல்லாம் ஒண்ணுதான்"னு சொன்னார். ஒண்ணு இல்லைங்க. அவரை விட்டுட்டோம்.

2. விலையைக் கேக்கிறதுக்கு முன்னாடி வேலையை எழுதுங்க

"கும்பாபிஷேகத்துக்கு எவ்வளவு?"ன்னு கேட்டா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விலை சொல்வாங்க. ஏன்னா ஒவ்வொருத்தர் மனசுலயும் ஒவ்வொரு வேலை இருக்கும். ஒருத்தர் கடைசி நாள் காலை மட்டும்னு நினைப்பார். இன்னொருத்தர் யாகசாலை ஆரம்பிக்கிறதுல இருந்துன்னு நினைப்பார். எங்களுக்கு முதல்ல வந்த மூணு விலையில, கம்மியா சொன்னவருக்கும் அதிகமா சொன்னவருக்கும் மூணு மடங்கு வித்தியாசம். யார் ஏமாத்துறாங்கன்னு கேட்டா, யாரும் ஏமாத்தல. கேட்ட கேள்வியில விவரம் பத்தல, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரே தாளை மூணு பேருக்கும் அனுப்பினோம். அதுல இருந்தது:

எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு.
போட்டோவுக்கு எத்தனை பேர், வீடியோவுக்கு எத்தனை பேர்.
நேரம் நீண்டா மணிக்கு எவ்வளவு கூட. (நம்ம பூஜை எப்ப சொன்ன நேரத்துக்கு முடிஞ்சிருக்கு?)
திருத்திக் கொடுக்கிற படம் எத்தனை, எந்தத் தேதிக்குள்ள.
ஆல்பம் எத்தனை பக்கம், எத்தனை பிரதி.
வந்து போற செலவு, சாப்பாடு யார் பொறுப்பு.
உடம்பு முடியாமப் போனா அவருக்குப் பதிலா யார் வருவாங்க.

திரும்பி வந்த விலையில வித்தியாசம் ரொம்பக் குறைஞ்சிடுச்சு. மேல இருந்தவரு கீழ வந்தார், கீழ இருந்தவரு மேல ஏறினார். நாங்க எடுத்தது நடுவுல இருந்தவரை. எவ்வளவுன்னு கேக்கிறவங்க ஆபிஸ்ல வந்து கணக்குப் புத்தகத்தைப் பார்க்கலாம், ரெசிட் அங்க இருக்குது. இங்க ஏன் போடலன்னா, எங்க விலையைக் காட்டி வேற ஒரு பிள்ளையோட வயித்துல அடிக்கக் கூடாது. உங்க கோயிலுக்கு ரெண்டு நாளா நாலு நாளா, யாகசாலை எத்தனை காலம், அதுக்கு ஏத்த மாதிரி மாறும்.

கோயில் வேலைன்னு சொல்லி இலவசமா கேக்கிற பழக்கம் நமக்கு இருக்குது. அவரா மனசு வந்து உபயமா செஞ்சா சந்தோஷம். நாமளா கேக்கக் கூடாதுங்கிறது எங்க கருத்து. மேளக்காரருக்குக் கொடுக்கிறோம், பந்தல் போடுறவருக்குக் கொடுக்கிறோம். கேமராவைத் தூக்கிக்கிட்டு நாலு நாள் நிக்கிற பிள்ளைக்கும் குடும்பம் இருக்குது. இன்னொண்ணு, இலவசமா வந்தவரை "இந்தத் தேதிக்குள்ள கொடு"ன்னு கேக்க வாய் வராது.

3. ஒருத்தரால முடியாது

இதை நல்லா யோசிச்சுப் பாருங்க. கடம் புறப்பாடு ஆனதும் சிவாச்சாரியார்கள் மேல ஏறிடுவாங்க. விமானக் கலசத்துக்கு நீர் ஊத்துற நேரத்துல ஜனங்க கீழ கையைத் தூக்கி நிப்பாங்க. அது முடிஞ்ச கையோட மூலவருக்கு அபிஷேகம். மேல நிக்கிற போட்டோகிராபர் சாரத்துல இறங்கிக் கூட்டத்தைத் தாண்டி சந்நிதிக்கு வர்றதுக்குள்ள மூலவருக்கு ஊத்தி முடிச்சிருப்பாங்க. அதனால குறைஞ்சது மூணு இடத்துல ஆள் வேணும். மேல ஒருத்தர், கீழ ஜனங்க நடுவுல ஒருத்தர், சந்நிதி முன்னாடி ஒருத்தர்.

எங்களுக்கு ரெண்டு பேருக்குத்தான் காசு இருந்துச்சு. மூணாவது இடத்துக்கு நம்ம இளைஞர் பகுதியில கேமரா வெச்சிருக்கிற ஒரு தம்பியை நிக்க வெச்சோம். கீழ ஜனங்க நடுவுல. இப்ப ஆல்பத்துல எல்லாரும் நின்னு பார்க்கிற பக்கம் அந்தத் தம்பி எடுத்ததுதான்.

4. குருக்கள் ஐயாவையும் போட்டோகிராபரையும் ஒண்ணா உக்கார வைங்க

ஒரு வாரத்துக்கு முன்னாடியே இதைச் செய்யணும். நிகழ்ச்சி நிரலை வெச்சுக்கிட்டு வரி வரியா போனோம். கணபதி ஹோமம், வாஸ்து சாந்தி, மண் எடுக்கிறது, முளைப்பாலிகை, காப்புக் கட்டுறது, மூலவரோட சக்தியைக் கும்பத்துக்கு மாத்துற கலாகர்ஷணம், யாகசாலை பிரவேசம், ஒவ்வொரு கால பூஜை, எண்ணெய்க் காப்பு, அஷ்டபந்தனம் சாத்துறது, பூர்ணாகுதி, கடம் புறப்பாடு, கும்பாபிஷேகம். ஒவ்வொண்ணுக்கும் ஐயாகிட்ட கேட்டது மூணு கேள்வி: எடுக்கலாமா? எங்க நின்னு எடுக்கலாம்? எவ்வளவு நேரம்?

எங்க குருக்கள் ஐயா தெளிவா சொன்னார். கருவறைக்குள்ள கேமரா வேண்டாம். திரை போட்டிருந்தா கேமராவைக் கீழ இறக்கிடணும். அஷ்டபந்தனம் சாத்தும்போது மருந்து இடிக்கிறதை வெளிய எடுக்கலாம், உள்ள சாத்துறதை எடுக்க வேண்டாம். யாக குண்டத்துக்கும் சிவாச்சாரியாருக்கும் நடுவுல குறுக்க போகக் கூடாது. ஒவ்வொரு கோயிலுக்கும் வழக்கம் மாறும், உங்க ஐயா சொல்றதுதான் உங்களுக்கு. ஆனா முன்னாடியே கேட்டு வெச்சுக்குங்க. பூஜை நடுவுல "ஏய், வெளிய போ"ன்னு கத்துறது போட்டோகிராபருக்கும் அவமானம், சாமிக்கும் அபசாரம்.

நாங்க வெச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் சீனத் தம்பி. சில பேர் முகம் சுளிச்சாங்க, "நம்ம பிள்ளைங்க இல்லையா?"ன்னு. அந்தத் தம்பி என்ன செஞ்சார் தெரியுமா? கூட்டத்துக்கு நோட்டுப் புத்தகத்தோட வந்து எல்லாத்தையும் எழுதிக்கிட்டார். நாலு நாளும் சைவம் சாப்பிட்டார். ஒவ்வொரு தடவை படி ஏறும்போதும் "பாங், சினி போலே?"ன்னு கேட்டுட்டுத்தான் கால் வெச்சார். நம்ம ஆளுங்க சில பேர் செருப்போட யாகசாலை வாசல் வரைக்கும் வந்ததை அவர் பார்த்துச் சிரிச்சார், சொல்லல. மூணாம் நாள் முகம் சுளிச்ச அக்காவே தட்டுல பொங்கல் வெச்சுக் கொண்டுபோய்க் கொடுத்தாங்க.

5. முதல் நாள் ராத்திரி ஒரு ஓட்டம் ஓட்டிப் பாருங்க

பேக்டரியில புது மெஷின் வந்தா ட்ரையல் ஓட்டாம ஷிப்ட்டுக்கு விடமாட்டோம். அதேதான். முதல் கால பூஜைக்கு முந்தின ராத்திரி எல்லா விளக்கையும் போட்டு நாலு படம் எடுக்கச் சொன்னோம். நல்லதாப் போச்சு. யாகசாலையில கட்டியிருந்த எல்.இ.டி. விளக்கால படத்துல கோடு கோடா வந்துச்சு. சத்தம் வரக் கூடாதுன்னு கேமராவை சைலண்ட்ல போட்டா சில விளக்குல அப்படி ஆகுமாம். அன்னைக்கே தெரிஞ்சதால, கேமராவுல மாத்தவேண்டியதை அவர் மாத்தினார், நாங்க ரெண்டு விளக்கை மாத்தினோம். மறுநாள் தெரிஞ்சிருந்தா நாலு கால பூஜையும் கோடோடத்தான் இருந்திருக்கும்.

இன்னொண்ணும் அவர் சொன்னார். ஏர்கோன் காருல இருந்து கேமராவை எடுத்த உடனே நம்ம ஊர் புழுக்கத்துல லென்ஸ்ல பனி படிஞ்சிடும். அதனால வேலை ஆரம்பிக்கிறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே பையை வெளிய வெச்சிடணும். அவர் கேட்டதெல்லாம் பூட்டு போட்ட ஒரு ரூம், ஒரு மேசை, பேட்டரி சார்ஜ் போட ஒரு பிளக். இதை நாமதான் செஞ்சு கொடுக்கணும்.

6. சாரம், ட்ரோன்: இதுல விட்டுக்கொடுக்காதீங்க

விமானத்துக்கு மேல சாரம் கட்டியிருப்போம். சிவாச்சாரியார், உபயகாரர், டத்தோ, டத்தோவோட கூட வந்தவர்னு எல்லாரும் ஏறுவாங்க. அதுல போட்டோகிராபர் ரெண்டு கையிலயும் கேமராவை வெச்சுக்கிட்டுப் பின்னாடி நகர்ந்து நகர்ந்து படம் எடுப்பார். பின்னாடி என்ன இருக்குன்னு பார்க்க மாட்டார். நாங்க பேக்டரியில உயரத்துல வேலை செய்ய பெல்ட் இல்லாம யாரையும் ஏத்த மாட்டோம். இங்கேயும் மேல போற போட்டோகிராபருக்கு இடுப்பு பெல்ட் மாட்டி, அவர் முதுகுப் பக்கம் நம்ம தொண்டர் ஒருத்தரை நிறுத்தினோம். மேல எத்தனை பேர்னு ஒரு கணக்கு வெச்சோம். அதுக்கு மேல யார் வந்தாலும் கீழதான். ரெண்டு பேருக்குக் கோவம், பரவாயில்ல.

ட்ரோன் இல்லாம இப்ப கும்பாபிஷேகமே இல்லன்னு ஆயிடுச்சு. மேல இருந்து பார்க்க அழகுதான். ஆனா அதுக்குச் சட்டம் இருக்குது. நம்ம நாட்டுல ட்ரோன் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தோட கட்டுப்பாட்டுல வருது. 400 அடிக்கு மேல பறக்க விடவும், விமானத் தளம் பக்கத்துல பறக்க விடவும் அனுமதி வேணும். நம்ம பக்கம் பட்டர்வொர்த்துல ஆகாயப்படைத் தளம் இருக்குது, யோசிச்சுக்குங்க. "நாங்க பார்த்துக்கிறோம் அண்ணே"ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. அனுமதிக் கடிதத்தைக் கையில வாங்கிப் பாருங்க. அது மட்டுமில்ல, தலை மேல பறக்கிற சாமான் ஒரு வேளை விழுந்தா கீழ குழந்தையும் பாட்டியும் நிக்கிறாங்க. எல்லாரும் வானத்துல கருடன் தெரியுதான்னு பார்த்துக்கிட்டு இருக்கிற நேரத்துல காதுக்குள்ள கொர்ருன்னு சத்தம் வேற. நாங்க முந்தின நாள் கூட்டம் இல்லாத நேரத்துல, அனுமதியோட, ஒரு தடவை மட்டும் எடுத்தோம். கும்பாபிஷேக நேரத்துல ட்ரோன் கிடையாதுன்னு தாள்லயே எழுதிட்டோம்.

7. பக்தர்களோட மானம்

இதை எல்லாரும் கவனமா படிங்க. படம் எடுக்கிறவங்களும், கைப்பேசியில எடுத்துப் போடுறவங்களும்.

பால்குடம் எடுக்கிற பெண்கள் மஞ்சத் தண்ணி ஊத்தி ஈரச் சேலையோட வருவாங்க. அது அம்மனுக்கும் அவங்களுக்கும் உள்ள விஷயம். வேற ஒரு கோயில் திருவிழாவுல யாரோ ஒருத்தர் அப்படி ஒரு படத்தை எடுத்துப் போட்டு, அது எங்கெங்கயோ சுத்தி, கீழ கண்டபடி எழுதி, கடைசியில அந்த அக்காவோட மகன் கண்ணுல பட்டுச்சு. 19 வருஷமா பால்குடம் எடுத்தவங்க. அதோட நிறுத்திட்டாங்க. "சாமி மேல கோவம் இல்ல அண்ணே, மனுஷங்க மேலதான்"னு சொன்னாங்க. அந்த வார்த்தை எங்களை விட்டுப் போகல.

அதனால நம்ம போட்டோகிராபருக்கு நாங்க எழுதிக் கொடுத்தது: ஈரச் சேலையோட வர்றவங்களைக் கிட்டப் போய் எடுக்க வேண்டாம், தூரத்துல இருந்து ஊர்வலமா எடுங்க. அருள் வந்து ஆடுறவங்க முகத்தைக் கிட்ட எடுக்க வேண்டாம். குழந்தைங்க படம்னா அப்பா அம்மாகிட்ட கேட்டுட்டு எடுங்க. முடி இறக்கிறது, குளிக்கிற இடம், இந்தப் பக்கம் கேமராவே வேண்டாம். எடுத்த படம் எதையும் எங்ககிட்ட காட்டாம அவரோட பக்கத்துல போடக் கூடாது. எந்தப் பக்தராவது "என் படத்தை எடுத்துடுங்க"ன்னு கேட்டா, காரணம் கேக்காம எடுத்துடணும். ரெண்டு பேரும் சரின்னு கையெழுத்து போட்டாங்க. நல்ல தொழில்காரருக்கு இதெல்லாம் சிரமமே இல்ல.

8. படம் யாருக்குச் சொந்தம்?

இது நிறைய பேருக்குத் தெரியாது. நம்ம நாட்டு 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 26-ஆவது பிரிவுல இருக்குது. நாம ஒருத்தரை வேலைக்கு அமர்த்திப் படம் எடுக்கச் சொன்னா, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரைக்கும் அந்தப் பதிப்புரிமை அமர்த்தினவங்களுக்குப் போய்ச் சேரும். "வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரைக்கும்"கிறதைக் கவனிங்க. கோட்டேஷன் கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல "எல்லா உரிமையும் எங்களுக்கே"ன்னு போட்டிருந்து, நாம கையெழுத்தும் போட்டிருந்தா கதை வேற. அதனால சின்ன எழுத்தைப் படிங்க. கண்ணு தெரியலன்னா பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்க. நாங்க ஒரு வரி சேர்த்தோம்: படம் கோயிலுக்குச் சொந்தம், போட்டோகிராபர் தன்னோட வேலையைக் காட்ட நாங்க ஒத்துக்கிட்ட 20 படத்தைப் போட்டுக்கலாம். அவருக்கும் திருப்தி, நமக்கும் திருப்தி.

9. அன்னைக்கே ஒரு பிரதி

பழைய கதை தெரிஞ்சதால இதுல நாங்க ரொம்பக் கறாரு. முதல்ல, ரெண்டு மெமரி கார்டு போடுற கேமராவா இருக்கணும். ஒரே படம் ரெண்டு கார்டுலயும் பதிவாகும். ஒண்ணு கெட்டா இன்னொண்ணு இருக்கும். ரெண்டாவது, ஒவ்வொரு நாள் ராத்திரியும் போட்டோகிராபர் வீட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, திருத்தாத படம் எல்லாத்தையும் கோயில் ஹார்ட் டிஸ்க்குல ஏத்தணும். தூக்கம் வருது, அரை மணி நேரம் ஆகுதுன்னு பார்க்கல. கூடவே உக்காந்து டீ வாங்கிக் கொடுத்து ஏத்த வெச்சோம்.

இப்ப மூணு இடத்துல இருக்குது. கோயில் ஆபிஸ் அலமாரியில ஒரு டிஸ்க், தலைவர் வீட்டுல ஒரு டிஸ்க், இணையச் சேமிப்புல ஒண்ணு. வெள்ளம் வந்தாலும் தீ பிடிச்சாலும் மூணும் ஒரே நேரத்துல போகாது. நாலு மாசத்துக்கு ஒரு தடவை டிஸ்க்கைப் போட்டுத் திறந்து பார்க்கணும்னு ஒருத்தருக்குப் பொறுப்பும் கொடுத்திருக்கு. அலமாரியில சும்மா கிடக்கிற டிஸ்க்கும் கெட்டுப்போகும்.

படத்தைப் புலனத்துல வாங்கிட்டு "வந்துருச்சு"ன்னு இருந்துடாதீங்க. புலனம் படத்தைச் சுருக்கிடும். கைப்பேசியில பார்க்க நல்லா இருக்கும், பெருசா பிரிண்ட் போட்டா உடைஞ்சு போகும். டிஸ்க்குலயோ பென்டிரைவ்லயோ கேட்டு வாங்குங்க.

10. காசு கொடுக்கிற முறை

மொத்தக் காசையும் முன்னாடி கொடுக்காதீங்க. நாங்க மூணு தடவையா கொடுத்தோம். தேதியைப் பிடிக்க ஒரு பங்கு, கும்பாபிஷேகம் முடிஞ்சு படமெல்லாம் நம்ம டிஸ்க்குல ஏறின பிறகு ஒரு பங்கு, ஆல்பம் கைக்கு வந்ததும் கடைசிப் பங்கு. ஒவ்வொரு தடவையும் ரெசிட். அவர் சொன்ன நேரத்துக்குக் கொடுத்தார், நாங்களும் அன்னைக்கே கொடுத்தோம். கோயில் நிர்வாகம் காசு இழுத்தடிக்கும்னு வெளிய ஒரு பேர் இருக்குது, அதையும் நாம மாத்தணும்.

உங்க வீட்டு விசேஷத்துல யாராவது காசை வாங்கிட்டுப் படம் கொடுக்காம இழுத்தடிச்சா, முகநூல்ல திட்டிப் பிரயோஜனம் இல்ல. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம்னு ஒண்ணு இருக்குது, மலாய்ல திரிபூனல் துந்துத்தான் பெங்குனா. மனு கொடுக்க 5 வெள்ளிதான் கட்டணம். 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம். வக்கீல் வைக்கத் தேவையில்ல. மூணு வருஷத்துக்குள்ள போகணும். ஆனா கையில தாள் இருக்கணும்: ஒப்பந்தம், ரெசிட், பேசின செய்தி. வாய்ப் பேச்சை எடுத்துக்கிட்டுப் போய் நின்னா அங்கேயும் கஷ்டம்.

கடைசியா, நம்ம பக்தர்களுக்கு

கோயில் போட்டோகிராபர் கோயிலுக்கு. "தம்பி, எங்க குடும்பத்தை ஒண்ணு எடு"ன்னு பூர்ணாகுதி நேரத்துல கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. அன்னைக்கு ஒரு அண்ணன் அப்படி இழுத்ததுல, நல்லவேளை மேல இன்னொருத்தர் இருந்தார். குடும்பப் படத்துக்கு அன்னதானத்துக்கு அப்புறம் மண்டபத்துல ஒரு மணி நேரம் தனியா ஒதுக்கினோம். வரிசையில வந்து எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. இதையும் உங்க தாள்ல சேர்த்துக்குங்க, பாதிச் சண்டை குறைஞ்சிடும்.

அப்புறம், கலசத்துல தண்ணி ஊத்துற நேரத்துல நூறு கைப்பேசி மேல எழும்புச்சு. பின்னாடி நின்ன வயசானவங்களுக்குக் கலசமே தெரியல. படம் எடுக்கத்தான் ஆள் வெச்சிருக்கோம்ல. அந்த ஒரு நிமிஷம் கையைக் கூப்பி கும்பிடுங்க. படம் உங்களுக்கு வந்து சேரும், அதுக்கு நாங்க பொறுப்பு.

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணியில இருந்து 1 மணி வரைக்கும் ஆபிஸ்ல இருப்போம். உங்க படம் ஆல்பத்துல எந்தப் பக்கம்னு பார்த்து எண்ணைச் சொன்னா பிரிண்ட் போட்டுத் தர்றோம். 70 வயசு தாண்டினவங்களுக்குப் பிரிண்ட் கோயில் செலவு. நடக்க முடியாதவங்க வீட்டுப் பிள்ளைங்ககிட்ட சொல்லி அனுப்புங்க, நாங்களே வீட்டுல கொண்டாந்து கொடுக்கிறோம். நாங்க எழுதின அந்த ஒப்பந்தத் தாள் வேணும்கிற கோயில்காரங்களும் அன்னைக்கு வாங்க, பிரதி எடுத்துத் தர்றோம். காசு வேண்டாம்.

அம்மன் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.